ஐஸ் கட்டியைக் கடைசிக்கு வையுங்கள்

போன தீபாவளிக்கு முந்தைய இரவு ஐந்து லிட்டர் சாம்பார் வைத்து, மூடியைப் போட்டு அடுப்பின் மேலேயே விட்டுவிட்டுத் தூங்கினேன். காலையில் திறந்தால் ஊசிய வாடை. அத்தனையையும் கொட்டும்போது வயிறு எரிந்தது. சிங்கப்பூரின் உட்லண்ட்ஸில் எங்கள் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டுச் சமையலறை நள்ளிரவிலும் 30 டிகிரிதான். சாம்பார் எங்கே ஆறும்?

அதன்பிறகு தேக்காவில் ஒரு சமையல் வெப்பமானி வாங்கி, மூடியில்லாத பானையை அளந்து பார்த்தேன். 90 டிகிரியிலிருந்து 60-க்கு இறங்க 40 நிமிடம். அடுத்த 15 டிகிரி இறங்க ஏறக்குறைய ஒரு மணி நேரம். 1701-இல் நியூட்டன் எழுதியதுதான் இது: பொருளுக்கும் சுற்றுப்புறத்துக்கும் உள்ள வெப்பநிலை வித்தியாசம் எவ்வளவோ, வெப்பம் வெளியேறும் வேகமும் அவ்வளவு. 90-இல் வித்தியாசம் 60. 45-இல் வெறும் 15. ஆவி பறப்பதும் அதற்குள் குறைந்துவிடுவதால் இன்னும் மந்தமாகிறது. 30-க்குக் கீழே அறைக் காற்று அதை இறக்கவே இறக்காது.

கிருமிகள் வேகமாகப் பெருகுவது 5 முதல் 60 டிகிரிக்குள். ஆகவே நாம் விரைவுபடுத்த வேண்டியது அந்த மந்தமான பகுதியைத்தான். பலர் கொதிக்கும் பானையைச் சுற்றி எடுத்தவுடனே ஐஸைக் கொட்டுகிறார்கள். அது வீண். 90 டிகிரிப் பானைக்குக் குழாய்த் தண்ணீரோடு (இங்கே சுமார் 29) வித்தியாசம் 61, ஐஸ் தண்ணீரோடு 90. ஒன்றரை மடங்குதான் லாபம். அதே பானை 35-க்கு வந்தபின் குழாய்த் தண்ணீரோடு வித்தியாசம் 6, ஐஸோடு 35. கிட்டத்தட்ட ஆறு மடங்கு!

எனவே அடுப்பை அணைத்ததும் மூடியை எடுத்துவிட்டு, பானையைப் பாத்திரம் கழுவும் தொட்டியில் வைத்து, சாம்பார் மட்டத்துக்குக் குழாய்த் தண்ணீர் நிரப்புங்கள். காற்றைவிடத் தண்ணீர் வெப்பத்தைப் பன்மடங்கு வேகமாக வாங்கிக்கொள்ளும். தொட்டித் தண்ணீரில் கைவைத்தால் வெதுவெதுப்பாக இருக்கிறதா? வித்தியாசம் குறைந்துவிட்டது என்று அர்த்தம், மாற்றிவிடுங்கள். சாம்பாரையும் அடிக்கடி கிளறுங்கள். பருப்பு கெட்டியாக இருப்பதால் ஓரம் ஆறினாலும் நடுப்பகுதி சூடாகவே இருக்கும். எவர்சில்வர், அலுமினியப் பாத்திரங்களுக்கே இந்த முறை. சூடான மண்சட்டியைத் தண்ணீரில் வைத்தால் விரிசல் விடும்.

35-க்கு வந்ததும் தண்ணீரை வடித்துவிட்டு ஐஸும் புதுத் தண்ணீரும் போடுங்கள். ஐந்து லிட்டரை 35-இலிருந்து 15-க்குக் கொண்டுவர ஒன்றேகால் கிலோ ஐஸ் உருக வேண்டும்; சுற்றுப்புறச் சூடும் சேருமென்பதால் நான் இரண்டு கிலோ வைத்துக்கொள்கிறேன். 90-இலிருந்தே ஐஸை நம்பினால், 35-க்கு வருவதற்குள்ளேயே மூன்றரை கிலோ கரைந்திருக்கும்.

பிறகு உயரம் குறைந்த டப்பாக்களில் பிரித்து ஊற்றிக் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். பானையோடு வைக்காதீர்கள், நடுப்பகுதி குளிர வெகுநேரமாகும். டப்பாக்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்காமல் இடைவெளி விடுங்கள். நன்றாகக் குளிர்ந்தபின் அடுக்கிக்கொள்ளலாம்.