தோல் ஷெட்டுக்கான வாயு சென்சார்: தாமிரம் சேர்த்ததும் சரியானது

ராணிப்பேட்டைப் பக்கம் ஒரு தோல் பதனிடும் ஷெட்டுக்காக, ஹைட்ரஜன் சல்பைடைக் கண்டுபிடிக்கும் டின் ஆக்ஸைடு சென்சார் செய்தேன். வாயு பட்டால் இதன் மின்தடை மாறும், அதை வைத்துத்தான் அலாரம் அடிக்கும். முடி நீக்கப் பயன்படும் சோடியம் சல்பைடு கழிவில் அமிலம் கலந்தால் இந்த வாயு கிளம்பும், ஆளையே கொன்றுவிடும். சென்சாரோ தின்னர் வாடைக்கும் கத்தியது.

சென்சாரில் போடும் டின் ஆக்ஸைடு பொடியைத் தாமிர நைட்ரேட் கரைசலில் நனைத்து, உலர்த்தி, உலையில் சுட்டேன். வெள்ளைப் பொடி லேசாகச் சாம்பல் பூத்தது. துகள்மேல் படியும் தாமிர ஆக்ஸைடு மின்தடையை நன்றாக ஏற்றிவிடும். ஹைட்ரஜன் சல்பைடு பட்டால் அது மின்சாரம் நன்கு கடத்தும் தாமிர சல்பைடாகிவிடும். தடை சடாரென்று இறங்கும். தின்னருக்கு இந்த வேலை நடக்காது.

அப்புறம், வாயு போன பின்னும் தடை மெதுவாகத்தான் ஏறியது. சென்சாரைச் சூடாக்கும் ஹீட்டரைக் கொஞ்ச நேரம் கூட்டினேன். சல்பைடு மறுபடி ஆக்ஸைடானது. ஐப்பசி மழையில் ஈரம் ஏறினால் சுத்தமான காற்றில் காட்டும் அடிப்படை அளவை மட்டும் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள்.