மவுஸ், கீபோர்டு டிரைவர் அமைப்பு: லினக்ஸிலும் பிஎஸ்டியிலும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மவுஸ் பாயின்ட்டர் கட்டுக்கடங்காமல் ஓடுகிறது, டச்பேடில் தட்டினால் கிளிக் ஆகவில்லை, கேப்ஸ் லாக்கைக் கன்ட்ரோலாக மாற்ற வேண்டும். இப்படி ஏதாவது ஒன்றுக்காக இணையத்தில் தேடினால் பல வருடம் பழைய பதில் ஒன்று முதலில் வந்து நிற்கும். அதிலுள்ள நாலு வரியை அப்படியே ஒரு கோப்பில் ஒட்டி ரீஸ்டார்ட் செய்து பார்ப்பார்கள். ஒன்றும் மாறியிருக்காது. சில நேரம் கீபோர்டே செத்துப்போகும். அந்த வரிகளில் எழுத்துப்பிழை இருக்காது. அவை ஒரு டிரைவருக்கு எழுதப்பட்டவை, உங்கள் கணினியில் அந்தச் சாதனத்தைப் பிடித்து வைத்திருப்பது வேறொரு டிரைவர், அவ்வளவுதான்.

ஒரு விசையை அழுத்தினால் லினக்ஸில் என்ன நடக்கிறது? யுஎஸ்பி கீபோர்டு என்றால் யுஎஸ்பிஹிட், பழைய பிஎஸ்/2 டச்பேட் என்றால் பிஎஸ்மவுஸ், இப்போதைய லேப்டாப் டச்பேட் என்றால் பெரும்பாலும் ஐ2சி-ஹிட் என்று ஒரு கர்னல் மாட்யூல் அந்த சிக்னலை வாங்குகிறது. அது ஈவ்டெவ் என்ற கர்னலின் பொது வடிவத்தில் ஒரு நிகழ்வாக மாறி, /டெவ்/இன்புட் ஃபோல்டரில் ஈவன்ட்0, ஈவன்ட்1 என்று இருக்கும் கோப்புகளில் ஒன்றின் வழியே வெளியே வருகிறது. இது கீபோர்டா, மவுஸா, டச்பேடா என்று முத்திரை குத்துவது யுடெவ் என்ற சாதன மேலாளரின் வேலை. அப்புறம் அந்த நிகழ்வுகளைப் புரிந்துகொள்ளும் லிப்இன்புட் நூலகம், அதற்கு மேலே திரையை நடத்தும் எக்ஸ்ஆர்க் சர்வர் (பழைய முறை) அல்லது வேலண்ட் கம்பாசிட்டர் (புது முறை), கடைசியில் க்னோம், கேடிஇ போன்ற டெஸ்க்டாப்பின் செட்டிங்ஸ். ஓர் அடுக்கில் இருக்கும் கோளாறுக்கு இன்னோர் அடுக்கில் மருந்து போடுவதுதான் கீழே சொல்லப்போகும் தவறுகளில் பாதிக்கு மேல்.

எந்த செஷன் என்று பார்க்காமல் தொடங்குவது

முதலில் பார்க்க வேண்டியது எக்ஸ்டிஜி_செஷன்_டைப் என்ற சூழல் மாறியை. அது வேலண்ட் என்று சொன்னால், எக்ஸ்ஆர்க்.கான்ஃப் கோப்பில் நீங்கள் என்ன எழுதினாலும் யாரும் படிக்கப் போவதில்லை. ஃபெடோரா 2016-இல் வந்த 25-ஆம் பதிப்பிலேயே க்னோமுக்கு வேலண்டை இயல்பாக்கிவிட்டது. மற்ற பெரிய டிஸ்ட்ரோக்களும் பின்னாலேயே வந்துவிட்டன. ஆனால் பழைய குறிப்புகளில் முக்கால்வாசி எக்ஸ்ஆர்க் காலத்தவை.

எக்ஸ்ஆர்க்கில் சாதனங்களை அமைக்க உதவும் எக்ஸ்இன்புட் கமாண்டை வேலண்டில் ஓட்டினால் அது பிழை காட்டாது என்பதுதான் வம்பே. எக்ஸ்வேலண்ட்-பாயின்ட்டர், எக்ஸ்வேலண்ட்-கீபோர்டு என்று சில பெயர்களை அழகாகப் பட்டியலிடும். அவை உங்கள் மவுஸும் கீபோர்டும் அல்ல, பழைய எக்ஸ் செயலிகளுக்காக உருவாக்கப்பட்ட போலிச் சாதனங்கள். அவற்றில் வேகத்தை மாற்றுவதால் ஒரு பயனும் இல்லை. வேலண்டில் சாதனத்தின் அமைப்பு முழுக்க கம்பாசிட்டரின் கையில். க்னோம் என்றால் ஜிசெட்டிங்ஸ், கேடிஇ என்றால் அதன் சிஸ்டம் செட்டிங்ஸ், ஸ்வே என்றால் அதன் கான்ஃபிக் கோப்பில் இன்புட் பகுதி. லிப்இன்புட்டுக்கென்று தனியாக ஒரு கான்ஃபிக் கோப்பு இருக்கும் என்று தேடி அலைபவர்கள் உண்டு. அப்படி ஒன்று கிடையாது. குவிர்க்ஸ் என்ற கோப்புகள் இருக்கின்றன, ஆனால் அவை வன்பொருளின் கோணல்களைச் சரிசெய்ய மட்டும். உங்கள் விருப்பங்களை எழுதிவைக்கும் இடமல்ல.

பழைய எக்ஸ்ஆர்க்.கான்ஃப்

எக்ஸ்ஆர்க்தான் ஓடுகிறது என்றால் அடுத்த பள்ளம் இன்புட்டிவைஸ் பகுதி. அதில் டிரைவர் என்ற இடத்தில் கேபிடி, மவுஸ் என்று எழுதுவது ஒரு காலத்துப் பழக்கம். 2010-இல் எக்ஸ் சர்வர் 1.8 வந்தபோது யுடெவ் வழியாகச் சாதனங்களைத் தானே கண்டுபிடிக்கும் முறையும், இன்புட்கிளாஸ் என்ற புதுப் பகுதியும், துண்டு துண்டாகக் கோப்புகளை வைக்க எக்ஸ்ஆர்க்.கான்ஃப்.டி ஃபோல்டரும் வந்தன. தானியங்கிக் கண்டுபிடிப்பு இயங்கும்போது கேபிடி, மவுஸ் டிரைவர்களைக் கேட்கும் சாதனங்களை சர்வர் முடக்கிவிடும். லாகில் அதை எச்சரிக்கையாகவே எழுதி வைக்கும், நாம்தான் பார்ப்பதில்லை. இதைச் சமாளிக்க, தானியங்கிக் கண்டுபிடிப்பை இயக்கும் ஆட்டோஆட்டிவைசஸ் ஆப்ஷனை அணைத்துவிடச் சொல்லும் அறிவுரை இன்னும் மோசம். மவுஸைக் கழற்றி மாட்டினால் அதற்கப்புறம் அது திரும்ப வராது.

பழைய கோப்புக்கு இன்னொரு பக்கவிளைவும் உண்டு. மேல் அம்புக்குறியை அழுத்தினால் ஸ்கிரீன்ஷாட் எடுக்கும் விநோதத்தைச் சிலர் பார்த்திருப்பார்கள். கேபிடி டிரைவரின் கணக்கில் பிரின்ட் ஸ்கிரீன் விசைக்கு எண் 111. ஈவ்டெவ் கணக்கில் அதே 111 மேல் அம்புக்குறி. விசை எண்களுக்குப் பொருள் கொடுக்கும் எக்ஸ்கேபியின் விதித்தொகுப்பு ஈவ்டெவ் என்று இருக்க வேண்டிய இடத்தில் பழைய கோப்பிலிருந்து வேறொன்று ஒட்டிக்கொண்டால் இதுதான் நடக்கும். கீபோர்டைக் குறை சொல்லிப் பயனில்லை.

தவறான ஃபோல்டர், தவறான வரிசை எண்

/யுஎஸ்ஆர்/ஷேர்/எக்ஸ்11 அடியில் இருக்கும் எக்ஸ்ஆர்க்.கான்ஃப்.டி டிஸ்ட்ரோவுக்குச் சொந்தம். அங்கே 40-லிப்இன்புட் கோப்பைத் திறந்து மாற்றினால் உடனே வேலை செய்யும், அடுத்த அப்டேட்டில் சத்தமில்லாமல் பழையபடி ஆகிவிடும். உங்கள் கோப்பு போக வேண்டிய இடம் /ஈடிசி/எக்ஸ்11/எக்ஸ்ஆர்க்.கான்ஃப்.டி.

கோப்பின் பெயரில் முன்னால் நிற்கும் எண் அலங்காரத்துக்கு அல்ல. சர்வர் அந்த வரிசையில்தான் படிக்கிறது, ஒரு சாதனத்துக்குப் பல இன்புட்கிளாஸ் பொருந்தினால் கடைசியில் வந்தது ஜெயிக்கும். லிப்இன்புட்டின் கோப்பு 40, சினாப்டிக்ஸ் என்ற பழைய டச்பேட் டிரைவரின் கோப்பு 70. இரண்டு பேக்கேஜும் இருந்தால் டச்பேட் சினாப்டிக்ஸுக்குத்தான் போகும். பயனரோ டேப்பிங், நேச்சுரல்ஸ்க்ரோலிங் என்று லிப்இன்புட் ஆப்ஷன்களை எழுதிவிட்டுக் காத்திருப்பார். சினாப்டிக்ஸுக்கு அந்தப் பெயர்கள் தெரியாது, அதன் மொழி டேப்பட்டன்1, வெர்ட்டூஃபிங்கர்ஸ்க்ரோல். தலைகீழாகவும் இதே கதைதான். சினாப்டிக்ஸின் ஆப்ஷன்களை லிப்இன்புட்டிடம் கொடுத்தால் அது கண்டுகொள்ளாது. தேவையில்லாத டிரைவர் பேக்கேஜை நீக்கிவிடுவது சுத்தமான வழி.

எந்த டிரைவர் எந்தச் சாதனத்தை எடுத்தது என்று எக்ஸ்ஆர்க்.0.லாக் தெளிவாகச் சொல்லும். அந்த லாக் எங்கே என்பதிலும் ஒரு குழப்பம் உண்டு. சர்வர் ரூட் உரிமை இல்லாமல் ஓடும் கணினிகளில் அது /வார்/லாகில் இருக்காது. உங்கள் ஹோம் ஃபோல்டரில் .லோக்கல்/ஷேர்/எக்ஸ்ஆர்க் என்ற இடத்தில் இருக்கும். /வார்/லாகில் கிடப்பது எப்போதோ எழுதிய பழைய லாகாக இருக்கலாம். தேதியைப் பார்த்துவிட்டு நம்புங்கள்.

இன்புட்கிளாஸ் எழுதும்போது மேட்ச் வரிகளை விட்டுவிட்டால் அந்தப் பகுதி எல்லாச் சாதனத்துக்கும் பொருந்தும். பவர் பட்டன்கூட ஒரு கீபோர்டு சாதனமாகத்தான் தெரியும் என்பதை நினைவில் வைத்தால் இதன் விபரீதம் புரியும். ஒரே பகுதியில் பல மேட்ச் வரிகள் இருந்தால் அவை எல்லாமே பொருந்த வேண்டும். ஐடென்டிஃபையர் என்பது வெறும் பெயர்ப்பலகை. அதில் சாதனத்தின் பெயரை எழுதினால் பொருந்திவிடும் என்று நினைப்பவர்கள் நிறைய. அந்த வேலைக்கு மேட்ச்ப்ராடக்ட் இருக்கிறது.

அந்த நேரத்துக்கு மட்டும் நிற்கும் கமாண்டுகள்

எக்ஸ்இன்புட் வைத்து ஒரு ப்ராப்பர்ட்டியை மாற்றுவது சோதனைக்கு நல்லது. அதையே ஒரு ஸ்கிரிப்ட்டில் 12 என்ற ஐடியுடன் எழுதி லாகின் நேரத்தில் ஓடவிட்டால், சாதனத்தைக் கழற்றி மாட்டியதும் அந்த ஐடி வேறொன்றுக்குப் போய்விடும். பெயரால் குறிப்பிடுங்கள். கேமிங் மவுஸ்கள் தங்களைக் கீபோர்டாகவும் அறிவித்துக்கொள்வதால் ஒரே பெயர் இரண்டு முறை வரும். அப்போது பெயருக்கு முன்னால் பாயின்ட்டர் என்று சேர்க்க வேண்டியிருக்கும். அப்படிச் செய்தாலும் மவுஸைப் பிடுங்கி மாட்டினால் மாற்றம் போய்விடும். நிரந்தரமாக வேண்டும் என்றால் இன்புட்கிளாஸ்தான். அதிலும் க்னோம், கேடிஇ போன்றவை லாகின் ஆனதும் தங்கள் செட்டிங்ஸை மேலே எழுதிவிடும். டெஸ்க்டாப்பிலேயே அந்த ஆப்ஷன் இருக்கும்போது கோப்பைத் தொடாமல் இருப்பது நல்லது.

பாயின்ட்டர் வேகத்துக்கு எக்ஸ்செட் எம் கமாண்டைச் சொல்லும் குறிப்புகளை ஒதுக்கிவிடுங்கள். லிப்இன்புட் தன் வேகக் கணக்கைத் தானே போடுகிறது, எக்ஸ்செட் சொல்வது அதன் காதில் விழாது. அக்செல்ஸ்பீடு -1 முதல் 1 வரை. 0 என்று வைத்தால் முடுக்கம் நின்றுவிடும் என்று பலர் நம்புகிறார்கள். அது நடு வேகம், முடுக்கம் அப்படியே இருக்கும். முடுக்கமே வேண்டாம் என்றால் அக்செல்ப்ரொஃபைலை ஃப்ளாட் ஆக்க வேண்டும். மவுஸின் டிபிஐ அளவை (ஓர் அங்குல நகர்வுக்கு எத்தனை புள்ளி என்பதை) யுடெவின் வன்பொருள் தரவுத்தளமான ஹெச்டபிள்யூடிபி மவுஸ்_டிபிஐ என்ற மதிப்பாகச் சொல்கிறது. அங்கே தகவல் இல்லை என்றால் லிப்இன்புட் 1000 என்று எடுத்துக்கொள்ளும். மிக அதிக டிபிஐ மவுஸ் தறிகெட்டு ஓட இது ஒரு காரணம்.

ஹெச்டபிள்யூடிபியில் கை வைப்பவர்கள் கோப்பை எழுதியதோடு நிறுத்திவிடுகிறார்கள். அது தொகுக்கப்பட்டு வாசிக்கப்படும் தரவுத்தளம். சிஸ்டம்டி-ஹெச்டபிள்யூடிபி அப்டேட் என்று ஓட்டி, பிறகு யுடெவ்அட்மின் ட்ரிகர் கொடுத்தால்தான் புது மதிப்பு வரும். பொருத்தும் வரி ஓரத்திலிருந்து தொடங்க வேண்டும், மதிப்பு வரிகளுக்கு முன்னால் ஓர் இடைவெளி இருக்க வேண்டும். அந்த இடைவெளி இல்லாததால் வீணான மாலைகள் பல.

கீபோர்டு

விசைகளை மாற்றும் பழைய கருவியான எக்ஸ்மோட்மேப் இன்னும் பரிந்துரைக்கப்படுவது எனக்குப் புரியவே இல்லை. லேஅவுட் மாறினாலோ புதுக் கீபோர்டு செருகினாலோ அதன் மாற்றங்கள் காணாமல் போகும். கேப்ஸ் லாக்கைக் கன்ட்ரோலாக்க எக்ஸ்கேபியில் கன்ட்ரோல்:நோகேப்ஸ் என்ற ஆப்ஷன் தயாராகவே இருக்கிறது. செட்எக்ஸ்கேபிமேப் வழியாக ஆப்ஷன் கொடுக்கும்போது அது ஏற்கெனவே இருப்பதோடு சேரும், பழையதை நீக்காது. நாலைந்து சோதனைக்குப் பிறகு எல்லாம் ஒன்றாகக் குவிந்து கீபோர்டு பைத்தியம் பிடித்ததுபோல் நடக்கும். வெற்று ஆப்ஷன் ஒன்று கொடுத்துத் துடைத்துவிட்டு ஆரம்பியுங்கள். இரண்டு லேஅவுட் வைத்து, இரண்டாவதற்கு மட்டும் வேரியன்ட் தேவை என்றால் முதல் இடத்தைக் காலியாக விட்டு காற்புள்ளி போட வேண்டும். காற்புள்ளி விடுபட்டால் வேரியன்ட் முதல் லேஅவுட்டில் போய் ஒட்டும்.

சில விசைகள் என்ன செய்தாலும் எக்ஸ்ஆர்கில் தெரியாது. ஈவ்டெவ் எண்ணோடு 8-ஐக் கூட்டியதுதான் எக்ஸ் எண், எக்ஸ் நெறிமுறையோ 255-க்கு மேல் போகாது. ஆகவே கர்னல் எண் 247-ஐத் தாண்டிய விசை சாதாரணமாக அங்கே வந்து சேராது. மைக் மியூட் விசைக்கு 248 என்று எண் அமைந்தது துரதிர்ஷ்டம். அதனால்தான் ஹெச்டபிள்யூடிபியில் பல லேப்டாப்களுக்கு அந்த விசை எஃப்20 ஆக மாற்றப்பட்டிருக்கிறது. லேஅவுட் கோப்பில் இதற்குத் தீர்வு தேடுவது வீண் வேலை.

டிஸ்க் என்கிரிப்ஷன் வைத்திருந்தால் இன்னொன்று. பாஸ்வேர்டு கேட்கும் நேரத்தில் டெஸ்க்டாப்பின் லேஅவுட் இருக்காது, பூட் ஆகும்போது முதலில் ஏறும் இனிட்ராம்எஃப்எஸ்ஸில் பதிந்திருப்பதுதான் இருக்கும். கன்சோல் லேஅவுட்டை மாற்றினால் அதையும் புதுப்பிக்க வேண்டும். சரியான பாஸ்வேர்டு தவறென்று வருவதற்கு இது அடிக்கடி காணும் காரணம்.

சோதனைக் கருவியைத் தவறாகப் படிப்பது

லிப்இன்புட் லிஸ்ட்-டிவைசஸ் என்ற கமாண்ட் காட்டுவது இயல்பு மதிப்புகளை. உங்கள் டெஸ்க்டாப்பில் இப்போது என்ன அமலில் இருக்கிறது என்பதை அது சொல்லாது. நிகழ்வுகளை வர வரக் காட்டும் டீபக்-ஈவன்ட்ஸும் தனியாக ஓர் இணைப்பைத் திறந்து பார்ப்பதுதான். அங்கே தட்டினால் கிளிக் வரவில்லை என்பதற்காக டச்பேட் கெட்டுவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள், எனேபிள்-டேப் என்று சொல்லி ஓட்டிப் பாருங்கள்.

இந்தக் கருவிகளுக்கு ரூட் உரிமை வேண்டும். அந்தத் தொல்லைக்காக /டெவ்/இன்புட் கோப்புகளை எல்லோரும் படிக்கும்படி திறந்துவிடுவதும், தன்னை இன்புட் குழுவில் சேர்த்துக்கொள்வதும் கெட்ட யோசனை. நீங்கள் ஓட்டும் எந்தச் செயலியும் நீங்கள் தட்டும் ஒவ்வொரு பாஸ்வேர்டையும் படித்துவிடலாம். டெஸ்க்டாப்புக்கு அந்த அனுமதி தேவையே இல்லை, லாகினைக் கவனிக்கும் லாகின்டி சாதனத்தைத் திறந்து அதன் கையில் கொடுத்துவிடுகிறது. சுடோ போட்டு ஓட்டினால் போதும்.

டச்பேட் பட்டியலில் பிஎஸ்/2 ஜெனரிக் மவுஸ் என்று தெரிந்தால் மேலே சொன்ன எதையும் தொட வேண்டாம். கர்னல் அதை டச்பேடாக அடையாளம் காணவே இல்லை என்று அர்த்தம், இரண்டு விரல் ஸ்க்ரோலுக்கு எந்த டிரைவர் ஆப்ஷனும் உதவாது. ஐ2சி-ஹிட் மாட்யூல் ஏறியிருக்கிறதா என்று கர்னல் லாகில் தேடுங்கள். அதேபோல் சும்மா விட்ட மவுஸ் சில நொடியில் தூங்கிப்போனால், மின்சாரத்தை மிச்சப்படுத்தும் பவர்டாப் கருவியின் ஆட்டோ-டியூன் யுஎஸ்பி ஆட்டோசஸ்பெண்டை இயக்கியிருக்கிறதா என்று பாருங்கள்.

மாற்றங்களைச் செய்யும்போது இன்னொரு கணினியிலிருந்து எஸ்எஸ்ஹெச் வழியாக உள்ளே வர வழி வைத்திருங்கள். கன்ட்ரோல்+ஆல்ட்+பேக்ஸ்பேஸ் காப்பாற்றும் என்ற நம்பிக்கை பழையது, அது இப்போது இயல்பாக அணைக்கப்பட்டிருக்கிறது.

பிஎஸ்டி (லினக்ஸைப் போன்ற இன்னொரு யுனிக்ஸ் குடும்பம்) பயனர்கள் லினக்ஸ் குறிப்புகளை எடுப்பதற்கு முன் ஒரு கணம் நிற்க வேண்டும். ஓபன்பிஎஸ்டியில் மவுஸும் கீபோர்டும் டபிள்யூஎஸ்கான்ஸ் வழியாக வருகின்றன, டபிள்யூஎஸ்கான்ஸ்சிடிஎல்தான் அங்கே அமைப்புக் கருவி. யுடெவ், ஹெச்டபிள்யூடிபி எதுவும் கிடையாது. ஃப்ரீபிஎஸ்டியில் ஈவ்டெவ் உண்டு, ஆனால் மவுஸ்டி என்ற டீமனும் சிஸ்மவுஸ் என்ற பொது வழியும் கூடவே இருக்கின்றன. எந்த அடுக்கு நிகழ்வுகளை அனுப்ப வேண்டும் என்பதை கெர்ன்.ஈவ்டெவ்.ஆர்சிபிடி_மாஸ்க் என்ற சிஸ்சிடிஎல் மதிப்பு தீர்மானிக்கிறது. அதை 12 ஆக வைத்தால் மவுஸ், கீபோர்டு இரண்டும் வன்பொருளிலிருந்து நேரடியாக வரும். மவுஸ் அங்கே முரண்டு பிடித்தால் எக்ஸ்ஆர்க் கோப்பைத் திறப்பதற்கு முன் இந்த மதிப்பைப் பாருங்கள்.