ஐரிஸ் செடியைக் கிளப்பி மாற்றி நடுவது எப்படி?

நம் பக்கத்தில் ஐரிஸ் பட்டுப்போனால் எல்லோரும் பனியைத்தான் குறை சொல்கிறோம். அது குளிருக்குப் பழகிய செடி. நுவரெலியாக் குளிரெல்லாம் அதற்குப் பெரிய விஷயமில்லை. அதைக் கொல்வது மழைத்தண்ணீரும், நாம் ஆழமாக நடுவதும்தான். முதல் தடவை நானும் இஞ்சி புதைப்பது மாதிரிப் புதைத்தேன். ஜூன் மழையில் ஒரு நாள் இலையைத் தொட்டால் கையோடு வந்துவிட்டது. கீழே கிழங்கு கூழாகி நாறிக் கிடந்தது. அன்றைக்கு ஆறு செடி போனது, இப்போதும் மனதுக்குக் கஷ்டமாக இருக்கிறது.

இங்கே சொல்வது தாடி ஐரிஸ், அதாவது கீழிதழில் தாடி மாதிரி மெல்லிய முடி உள்ள வகை. ஈரத்திலேயே வளரும் வகைகளுக்கு இது பொருந்தாது.

எப்போது? மூன்று, நான்கு வருடத்தில் கிழங்குகள் ஒன்றோடொன்று நெருக்கியடித்து, நடுப்பகுதி வெறுமையாகி, பூ குறையும். அதுதான் நேரம். பூத்து முடிந்த செடியாக இருக்க வேண்டும். நான் ஜனவரி கடைசியிலிருந்து மார்ச்சுக்குள் செய்துவிடுவேன். மழை குறைந்த காலம் அது. மே மாத மழை வருவதற்குள் வேர் பிடித்துவிடும்.

1. கையுறை போட்டுக்கொள்ளுங்கள், இதன் சாறு சிலருக்கு அரிக்கும். மண் கிளறும் முள்ளுக் கருவியால் செடியைச் சுற்றிலும் தள்ளிக் குத்தி, மண்ணோடு கிளப்பி, உதறுங்கள்.

2. கத்தியை ஸ்பிரிட்டால் துடைத்துவிட்டு வெட்டுங்கள். நடுவிலுள்ள பழைய, இலையில்லாத கிழங்கு வேண்டாம். ஓரத்தில் கெட்டியாக, இலையும் வேரும் உள்ள துண்டுகள் போதும். அழுத்தினால் அமுங்குவதை எறிந்துவிடுங்கள்.

3. இலைக்கும் ஒரு கவ்வாத்து. விசிறி மாதிரி 15 சென்டிமீட்டர் விட்டு வெட்டுங்கள். அப்புறம் வெட்டுக்காயம் காய ஒரு நாள் நிழலில் வையுங்கள்.

4. நடுவதில்தான் எல்லாம் இருக்கிறது. நல்ல வெயில் படும் இடமாகப் பாருங்கள். தேயிலை இருந்த மண் புளிப்பு மண், சில கிழமை முன்பே கொஞ்சம் டொலமைட் (புளிப்பைக் குறைக்கும் சுண்ணாம்புக்கல் தூள்) கலந்து வையுங்கள். பச்சைச் சாணி கூடவே கூடாது, கிழங்கு அழுகும். அகலமாகக் குழி வெட்டி, நடுவில் மண்ணைச் சின்ன மேடாகக் குவியுங்கள். கிழங்கு மேட்டின் மேல் உட்காரட்டும், வேர்கள் இரண்டு பக்கமும் கீழே இறங்கட்டும். வேரை மட்டும் மண்ணால் மூடிக் கையால் அழுத்துங்கள். குளத்தில் ஆமை முதுகு தெரியுமே, அப்படிக் கிழங்கின் முதுகு வெளியே தெரிய வேண்டும். செடிக்குச் செடி 30 முதல் 45 சென்டிமீட்டர். சரிவான இடமென்றால் பாத்திக்கு மேல்பக்கம் ஒரு சின்னக் கான் (வடிகால்) வெட்டித் தண்ணீரைத் திருப்பிவிடுங்கள்.

5. நட்டதும் ஒரு தடவை நன்றாகத் தண்ணீர். பிறகு மண் காய்ந்தால் மட்டும். மற்றப் பாத்திகளுக்குப் போடுவதுபோல மானாப்புல்லைப் போட்டுக் கிழங்கை மூடாதீர்கள்.

இரண்டு, மூன்று கிழமையில் விசிறியின் நடுவில் பச்சையாக ஒரு புதுக் குருத்து எட்டிப் பார்க்கும். வேர் பிடித்துவிட்டது என்று அர்த்தம். முதல் வருடம் பூக்காமலும் போகலாம். அதற்காகத் தோண்டிப் பார்க்க வேண்டாம். நாற்றம் வந்தால் மட்டும் உடனே மண்ணை விலக்கி, அழுகிய பகுதியைக் கரண்டியால் கெட்டியான வெள்ளைச் சதை தெரியும்வரை சுரண்டி எடுத்து, அந்த இடத்தை வெயிலுக்குத் திறந்து வையுங்கள்.