அம்மா இன்னும் மூன்று மாதம் இருக்கட்டும்: அமெரிக்காவில் பி-2 தங்கலை நீட்டிப்பது எப்படி

அம்மா அக்டோபரில் நியூ ஜெர்சிக்கு வந்தார். ஏப்ரலில் கும்பகோணம் திரும்ப டிக்கெட். பிப்ரவரியில் ஒரு காலை, வாசல் படியில் உறைந்து கிடந்த பனியில் வழுக்கி விழுந்ததில் வலது மணிக்கட்டு எலும்பு முறிந்துவிட்டது. கட்டுப் பிரிக்கவே ஆறு வாரம் ஆகும், அதற்கப்புறம் பிசியோதெரபி என்றார் டாக்டர். "அதான் பத்து வருஷத்துக்கு விசா கொடுத்திருக்கானேடா, நான் பாட்டுக்கு இருந்துட்டுப் போறேன்" என்றார் அம்மா.

அங்கேதான் பலரும் தப்பு செய்கிறோம். பாஸ்போர்ட்டில் ஒட்டியிருக்கும் பத்து வருட விசா, இங்கே வந்து கதவைத் தட்டலாம் என்பதற்கு மட்டும்தான் அனுமதி. உள்ளே எத்தனை நாள் இருக்கலாம் என்பதை விமான நிலையத்தில் குடியேற்றச் சோதனை செய்யும் சிபிபி அதிகாரி முடிவு செய்கிறார். பி-2 என்ற சுற்றுலா விசாவில் வருகிறவர்களுக்குப் பெரும்பாலும் ஆறு மாதம். அந்தக் கடைசித் தேதி பதிவாகும் இடத்துக்குப் பெயர் ஐ-94. நாம் நீட்டிக்கப் போவதும் இதைத்தான், விசாவை அல்ல. 'விசா எக்ஸ்டென்ஷன்' என்றே எல்லோரும் சொல்கிறோம், அது பரவாயில்லை. ஆனால் விண்ணப்பம் போடும்போது இந்த வேறுபாடு மனதில் இருக்க வேண்டும்.

முதல் படி: ஐ-94 தேதியைப் பாருங்கள்

இப்போது ஐ-94 தாளில் வருவதில்லை. சிபிபியின் ஐ-94 தளத்துக்குப் போய், பெயர், பிறந்த தேதி, பாஸ்போர்ட் எண் கொடுத்தால் திரையில் வரும். காசு கேட்கும் தளமாக இருந்தால் வெளியே வந்துவிடுங்கள். அரசுத் தளத்தில் இது இலவசம், முகவரி 'டாட் ஜிஓவி' என்று முடியும்.

நம்மவர்களுக்கு இங்கேயே முதல் சிக்கல். பெற்றோர் பாஸ்போர்ட்டில் பல நேரம் குடும்பப் பெயர் இருக்காது, ஒரே பெயர்தான். அப்படிப்பட்டவர்களுக்கு அமெரிக்க விசாவில் முதல் பெயர் என்ற இடத்தில் 'எஃப்என்யூ' என்று அச்சாகியிருக்கும். முதல் பெயர் தெரியவில்லை என்பதன் சுருக்கம் அது. அம்மாவின் சொந்தப் பெயர் குடும்பப் பெயர் என்ற இடத்துக்குப் போயிருக்கும். தளத்தில் பாஸ்போர்ட்டில் உள்ளபடி தேடிப் பதிவே இல்லை என்று வந்தால் பதற வேண்டாம். விசாவில் உள்ளபடி எஃப்என்யூ போட்டுத் தேடுங்கள். பின்னால் விண்ணப்பத்திலும் இதே முறையில்தான் பெயர் போக வேண்டும்.

வந்த பக்கத்தை அப்படியே சேமித்து வையுங்கள். எங்களுக்குக் கடைசித் தேதி ஏப்ரல் 11. பாஸ்போர்ட் சீக்கிரம் காலாவதியாகும் என்றால் ஐ-94 தேதியையும் அதற்கேற்பக் குறைத்துக் கொடுப்பதுண்டு, ஆகையால் ஆறு மாதம் என்று நீங்களாகவே கணக்குப் போட்டுக்கொள்ளாதீர்கள்.

இரண்டாம் படி: நீட்டிக்கத்தான் வேண்டுமா?

உண்மையைச் சொன்னால், பாதிப் பேருக்கு வேண்டாம். அடுத்த முறை அம்மா வந்து இறங்கும்போது, "போன முறை எவ்வளவு நாள் இருந்தீர்கள்?" என்று கேட்கப்படலாம். ஒவ்வொரு முறையும் ஆறு மாதம் இருந்து, அதற்கு மேல் நீட்டிப்பும் வாங்கியவரைப் பார்த்தால், இவர் சுற்றிப் பார்க்க வருகிறாரா, இங்கேயே குடியிருக்கிறாரா என்ற சந்தேகம் அதிகாரிக்கு வருவது இயல்பு. கோடை விடுமுறைக்குப் பேரனோடு டிஸ்னி போகலாம் என்ற ஆசைக்காக மட்டும் என்றால், ஊருக்குப் போய்விட்டு அடுத்த வருடம் வருவதே மேல் என்பது என் கருத்து. உடல்நலம், குடும்பத்தில் எதிர்பாராத நிகழ்வு என்று ஏதாவது இருந்தால் விஷயம் வேறு.

குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை, அதனால் அம்மா இருக்க வேண்டும் என்று எழுதலாமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். பாட்டி பேத்தியோடு இருப்பதில் தவறில்லை. ஆனால் நாங்கள் இருவரும் வேலைக்குப் போகிறோம், அம்மா இல்லாவிட்டால் ஆயா வைக்க வேண்டும் என்ற தொனியில் கடிதம் போனால், சுற்றுலா விசாவில் வந்தவர் இங்கே வேலை பார்க்கிறாரோ என்று படிக்கப்படும். பி-2வில் வேலைக்கு அனுமதி இல்லை. இருக்கும் காரணத்தை மறைத்துப் புதிதாக ஒன்றை எழுதச் சொல்லவில்லை. உண்மையான காரணம் இது மட்டும்தான் என்றால், விண்ணப்பிக்காமல் இருப்பது நல்லது.

இன்னொன்று, விசாவுக்குப் பதிலாக எஸ்டா என்ற இணைய அனுமதியில் வந்தவர்களுக்கு இந்த வழி கிடையாது. லண்டனிலிருந்து பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டில் வந்த சித்தி, சிங்கப்பூர் பாஸ்போர்ட்டில் வந்த மாமா போன்றவர்கள் விசா இல்லாமல் 90 நாள் அனுமதியில் இருப்பவர்கள். அவர்கள் 90 நாளுக்குள் கிளம்பியாக வேண்டும்.

அப்புறம் அந்த நயாகரா யோசனை. கனடா பக்கம் போய் நான்கு நாள் இருந்துவிட்டுத் திரும்பினால் புதிதாக ஆறு மாதம் கிடைக்கும் என்று யாராவது ஒரு நண்பர் கட்டாயம் சொல்வார். அதை நம்பித் திட்டம் போடாதீர்கள். கனடாவுக்குச் சிறு பயணம் போய்த் திரும்பினால் பெரும்பாலும் பழைய ஐ-94 தேதியே தொடரும். தவிர, இந்திய பாஸ்போர்ட்டுக்குக் கனடா விசா தனியாக வேண்டும்.

மூன்றாம் படி: எப்போது விண்ணப்பிப்பது

குடியேற்றத் துறையான யூஎஸ்சிஐஎஸ், ஐ-94 முடிய குறைந்தது 45 நாள் இருக்கும்போதே விண்ணப்பிக்கச் சொல்கிறது. ஏப்ரல் 11 என்றால் பிப்ரவரி 25. இந்த 45 நாள் ஒரு பரிந்துரைதான். ஆனால் ஐ-94 தேதிக்குள் விண்ணப்பம் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும் என்பதில் விளையாட்டுக் கூடாது. அந்தத் தேதி தாண்டிவிட்டால், விண்ணப்பம் போடாதவர் ஒரு நாள் கூடுதலாக இருந்தாலும் பத்து வருட விசா தானாகவே செல்லாமல் போய்விடும். 180 நாளுக்கு மேல் இருந்துவிட்டுக் கிளம்பினால் மூன்று வருடம் உள்ளே வரத் தடை, ஒரு வருடமோ அதற்கு மேலோ என்றால் பத்து வருடம்.

நான்காம் படி: காகிதங்கள்

நீட்டிப்புக்கான ஐ-539 படிவத்தை நிரப்ப ஒரு மணி நேரம் போதும். என் வார இறுதி முழுவதையும் தின்றது இந்தப் படிதான்.

எல்லாவற்றுக்கும் மையம் ஒரு கடிதம். அம்மாவின் பெயரில், அம்மாவின் கையெழுத்தோடு. அதில் மூன்று கேள்விகளுக்குப் பதில் இருக்க வேண்டும் என்று படிவத்தின் குறிப்பே சொல்கிறது. ஏன் கூடுதல் நாள் தேவை? இது தற்காலிகம்தான் என்பதற்கும் திரும்பிப் போகச் செய்திருக்கும் ஏற்பாட்டுக்கும் என்ன சான்று? இங்கே கூடுதலாக இருப்பதால் ஊரில் உள்ள வேலைக்கோ வீட்டுக்கோ என்ன பாதிப்பு? ஒரு பக்கத்தில் முடித்துவிடுங்கள். விழுந்த தேதி, டாக்டர் சொன்னது, சிகிச்சை எப்போது முடியும், எந்தத் தேதிக்குக் கிளம்புகிறார், அவ்வளவுதான். பாசத்தைப் பற்றி இரண்டு பத்தி எழுதியிருந்தேன். என் மனைவி படித்துவிட்டு அதை வெட்டினார். சரியாகத்தான் செய்தார்.

கடிதத்தில் சொன்ன ஒவ்வொன்றுக்கும் ஒரு தாள் வேண்டும். காரணத்துக்கு டாக்டர் கடிதம், சிகிச்சை எந்த மாதம் வரை என்ற விவரத்தோடு. "ஓய்வு தேவை" என்று மொட்டையாக எழுதிக் கொடுத்தால் திருப்பிக் கேட்டு வாங்குங்கள். கிளம்புவதற்கு, தேதி மாற்றிய விமான டிக்கெட். நாங்கள் ஜூலை 10க்கு மாற்றி, ஜூலை 15 வரை அனுமதி கேட்டோம். ஒரு விண்ணப்பத்துக்கு அதிகபட்சம் ஆறு மாதம் வரை கேட்கலாம். ஆனால் தேவைப்படும் நாளை மட்டும் கேட்டால் கடிதத்துக்கும் டிக்கெட்டுக்கும் பொருந்தி வரும்.

செலவுக்கு, அம்மாவின் வங்கிக் கணக்கு விவரமும் ஓய்வூதியச் சீட்டும். நான் பார்த்துக்கொள்கிறேன் என்பதற்கு என் சம்பளச் சீட்டு, வங்கி விவரம், ஒரு சிறு கடிதம். பயணக் காப்பீட்டை நீட்டித்த ரசீதையும் வைத்தேன். காப்பீட்டை முதலில் நீட்டித்துவிடுங்கள். இந்த வயதில் காப்பீடு இல்லாமல் இங்கே ஒரு நாள் இருப்பதும் ஆபத்து.

ஊரில் வேர் இருக்கிறது என்று காட்ட, கும்பகோணம் வீட்டின் வரி ரசீதும் பட்டாவும். இரண்டும் தமிழில் இருந்தன. தமிழ் ஆவணத்தை அப்படியே வைக்கக் கூடாது, முழு ஆங்கில மொழிபெயர்ப்பு வேண்டும். இதற்கு அரசு அங்கீகாரம் பெற்ற ஆள் தேவையில்லை. இரண்டு மொழியும் தெரிந்த ஒருவர் மொழிபெயர்த்து, 'இது முழுமையானது, சரியானது, எனக்கு இரு மொழியும் தெரியும்' என்று எழுதிக் கையெழுத்திட்டால் போதும். என் நண்பர் ஒருவர் செய்து கொடுத்தார். 'சர்வே எண்' வரை எல்லாம் சுலபமாக வந்தது, 'நஞ்சை' என்ற இடத்தில்தான் அரை மணி நேரம் உட்கார்ந்தோம்.

இவற்றோடு பாஸ்போர்ட்டின் முகப்புப் பக்கம், விசாப் பக்கம், ஐ-94 நகல். பாஸ்போர்ட் நாம் கேட்கும் தேதி வரை செல்லுபடியாக வேண்டும்.

ஐந்தாம் படி: ஐ-539 படிவம்

யூஎஸ்சிஐஎஸ் தளத்தில் அம்மா பெயரில் ஒரு கணக்கு தொடங்குங்கள். உங்கள் கணக்கில் போடாதீர்கள், விண்ணப்பதாரர் அவர்தான். நீங்கள் உட்கார்ந்து நிரப்பினால், உதவி செய்தவர் யார் என்ற கேள்விக்கு உங்கள் பெயரைக் கொடுக்க வேண்டும். கடைசியில் கையெழுத்து இடுவதும் அம்மாதான். அதற்கு முன் எல்லாவற்றையும் தமிழில் அவருக்குப் படித்துச் சொல்லிவிடுங்கள்.

இணையத்தில் போட்டால் கட்டணம் 420 டாலர், தாளில் அனுப்பினால் 470. இது 2024 ஏப்ரல் 1 முதல் உள்ள கட்டணம். கட்டும் நாளில் தளத்தின் கட்டணப் பக்கத்தை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். முன்பு கைரேகைக்கென்று வாங்கிய 85 டாலர் இப்போது இல்லை. அப்பாவும் கூட வந்திருந்தால், ஒருவரை முதன்மை விண்ணப்பதாரராக வைத்து மற்றவரை ஐ-539ஏ என்ற துணைப் படிவத்தில் சேர்க்கலாம், கட்டணம் ஒன்றுதான்.

கேள்விகள் எளியவை. தேதியில் மட்டும் கவனம். இங்கே மாதம்தான் முதலில் வரும். அம்மா பிறந்தது ஆகஸ்ட் 5. பாஸ்போர்ட்டைப் பார்த்து அப்படியே தட்டியதில் அவர் மே 8 அன்று பிறந்தவராகிவிட்டார். அனுப்புவதற்கு முன் சரிபார்க்கும் பக்கத்தில்தான் கண்ணில் பட்டது. தேதி 12க்கு மேல் இருந்தால் தளமே தடுத்துவிடும், 12க்குக் கீழே என்றால் வாயே திறக்காது.

இங்கே வேலை பார்த்தீர்களா என்று ஒரு கேள்வி வரும். இல்லை என்றால், செலவை எப்படிச் சமாளிக்கிறீர்கள் என்று அடுத்து விளக்கம் கேட்கும். "மகன் வீட்டில் தங்கியிருக்கிறேன், மகன் செலவு செய்கிறார், எனக்கு ஓய்வூதியமும் உண்டு, சான்றுகள் இணைப்பில்" என்று எழுதினோம்.

ஆறாம் படி: காத்திருப்பு

பணம் கட்டியதும் ரசீது எண் வரும், இணையத்தில் போட்டவற்றுக்கு 'ஐஓஇ' என்று தொடங்கும். ஐ-797சி என்ற ரசீதுக் கடிதமும் வரும். அதைப் பத்திரமாக வையுங்கள். கைரேகைக்கு அழைத்தால் குறித்த நாளில் போய்விடுங்கள். கூடுதல் சான்று கேட்டால் அதில் கெடு இருக்கும், பதிலை ஒரே தடவையில் முழுமையாக அனுப்புங்கள். இடையில் அம்மா தங்கை வீட்டுக்குக் குடிமாறினால் 10 நாளுக்குள் முகவரி மாற்றம் தெரிவிக்க வேண்டும்.

நேரத்தில் போட்ட விண்ணப்பம் நிலுவையில் இருக்கும்போது, ஐ-94 தேதி தாண்டினாலும் சட்டவிரோதமாக இருப்பதாகக் கணக்கில் வராது. முடிவு வர மாதக்கணக்கில் ஆகலாம். நாம் கேட்ட கடைசித் தேதியே தாண்டிய பிறகு முடிவு வருவதும் உண்டு. அதற்காக அதுவரை காத்திருக்காதீர்கள். கேட்ட தேதிக்குள் கிளம்பிவிடுங்கள். மறுப்பு வந்தால், அடுத்த நாளிலிருந்தே சட்டவிரோத நாள்கள் எண்ணப்படும், கிடைக்கும் முதல் விமானத்தைப் பிடிக்க வேண்டியதுதான்.

ஒப்புதல் வந்தால் ஐ-797ஏ கடிதத்தின் அடியில் புதிய ஐ-94 இருக்கும். சிபிபி தளத்தில் பழைய தேதியே தெரியலாம், கவலை வேண்டாம். கையில் உள்ள கடிதம்தான் கணக்கு.

இதற்கிடையில் ஊர் வேலைகளும் உண்டு. அரசு ஓய்வூதியர் என்றால் ஆண்டு நேர்காணல் அல்லது லைஃப் சர்டிஃபிகேட் எந்த மாதம் என்று முன்பே பாருங்கள், தவறினால் ஓய்வூதியம் நின்றுபோகும். பிரஷர், சர்க்கரை மாத்திரை எத்தனை நாளுக்கு இருக்கிறது என்று எண்ணுங்கள். ஊர் மருந்துச் சீட்டுக்கு இங்கே மருந்துக் கடையில் மாத்திரை தர மாட்டார்கள், உள்ளூர் டாக்டரிடம் போயாக வேண்டும்.

அம்மா சொன்னபடி ஜூலை 10 கிளம்பினார். விண்ணப்பக் கடிதம், ரசீது, டாக்டர் கடிதம், எல்லாவற்றின் நகலையும் ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு, பாஸ்போர்ட்டோடு ரப்பர் பேண்ட் சுற்றிக் கொடுத்தேன். போர்டிங் பாஸையும் அதிலேயே வைக்கச் சொன்னேன். எந்த நாளில் வெளியேறினார் என்பதற்கு அது சான்று, அடுத்த முறை யாராவது கேட்டால் எடுத்துக் காட்டலாம். கும்பகோணம் போய்ச் சேர்ந்ததும் போன் செய்து, "அந்தக் கவரை எங்கடா வைக்கணும்?" என்றார். பீரோவில், பட்டா இருக்கும் இடத்திலேயே வைக்கச் சொன்னேன்.