சேப்பாக்கம் முதல் சபா வரை: சக்கர நாற்காலியோடு வருபவர் சென்னையில் டிக்கெட் வாங்கும் முறை

அமெரிக்காவில் இருக்கும் குடும்பத்துக்குச் சக்கர நாற்காலிக்கு இடம் எடுப்பது பழகிய வேலை. இருக்கை வரைபடத்தில் சக்கர நாற்காலிக் குறியைத் தொட்டால் போதும். இடம் இருக்கும் பட்சத்தில் அதே வரிசையில் துணைக்கு மூன்று டிக்கெட் வரை வாங்க அங்கே சட்டமே வழி செய்கிறது. பிரிட்டனில் பல அரங்குகள் துணைக்கு வருபவருக்குக் காசு வாங்குவதில்லை. துணைக்கு வருபவருக்கான சலுகைக்குக் கனடாவில் ஆக்சஸ் 2 கார்டு, ஆஸ்திரேலியாவில் கம்பேனியன் கார்டு. இதே எதிர்பார்ப்போடு சென்னை நிகழ்ச்சியின் பக்கத்தைத் திறந்தால் பெரும்பாலும் அந்தக் குறியே கண்ணில் படாது. அதற்காக இடம் கிடையாது என்று மூடிவிட வேண்டாம். இங்கே இடம் கொடுப்பது திரை அல்ல, ஓர் ஆள். அதனால் முதலில் பேச்சு, பிறகு டிக்கெட். வாங்கிவிட்டு "பார்த்துக்கொள்ளலாம்" என்று போனவர்கள்தான் வாசலில் மாட்டிக்கொள்கிறார்கள்.

இந்தியாவிலும் சட்டம் இல்லாமல் இல்லை. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் கலை, பொழுதுபோக்கு, விளையாட்டு எல்லாவற்றையும் தொடுகிறது. அணுகல் வசதிக்கான அளவுகோல்கள் வெறும் பரிந்துரையாக இருக்கக் கூடாது, கட்டாயமாக இருக்க வேண்டும் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றமும் சொன்னது. இதை அமைப்பாளருக்கு எழுதும் மின்னஞ்சலில் ஒரு வரியாகக் குறிப்பிடுங்கள், பலன் உண்டு. வாசலில் நிற்கும் வாலண்டியர் தம்பியிடம் சட்டம் பேசி ஒன்றும் ஆகாது.

வெளிநாட்டு மாற்றுத்திறனாளி அட்டைக்கு இங்கே சட்ட மதிப்பு கிடையாது. காட்டினால் விளங்கிக்கொள்வார்கள், அவ்வளவுதான். உங்கள் மருத்துவரிடம் ஒரு பக்கக் கடிதம் வாங்கி வையுங்கள். நடக்க முடியாது, படி ஏற முடியாது, கூட ஒருவர் இருந்தே ஆக வேண்டும் என்ற மூன்றும் அதில் தெளிவாக இருந்தால் போதும். நோயின் முழு வரலாறு யாருக்கும் தேவையில்லை.

யாரிடம், எப்படிக் கேட்பது

புக்மைஷோ, டிஸ்ட்ரிக்ட் போன்ற தளங்கள் டிக்கெட் விற்பவை. அரங்கத்தில் யாரை எங்கே உட்கார வைப்பது என்பது பெரும்பாலும் அவர்கள் கையில் இல்லை. நிகழ்ச்சிப் பக்கத்தின் கீழே நிபந்தனைகளோடு அமைப்பாளர் பெயர் இருக்கும். அவருக்கு மின்னஞ்சல் போடுங்கள், மறுநாள் தொலைபேசியில் பேசுங்கள், பேசியதை வாட்ஸ்அப்பில் எழுத்தாக வாங்குங்கள். அரங்க நிர்வாகம் தனியாக இருந்தால் அங்கும் ஒரு முறை கேட்டுவிடுவது நல்லது. சாய்தளத்தின் பூட்டுக்குச் சாவி அவர்களிடம்தான் இருக்கும்.

"ரேம்ப் இருக்கா?" என்று கேட்காதீர்கள். அதற்கு எப்போதும் "இருக்கு சார்" என்றுதான் பதில் வரும். "கார் நிற்கிற இடத்திலிருந்து சீட் வரைக்கும் மொத்தம் எத்தனை படி?" என்று கேளுங்கள். எண்ணிப் பார்த்துச் சொல்ல வேண்டியிருப்பதால் உண்மை வெளிவந்துவிடும். பிறகு, வழியில் மிகக் குறுகலான கதவு எவ்வளவு அகலம், கழிப்பறைக்குள் நாற்காலி நுழைந்து திரும்புமா, லிஃப்ட் இருந்தால் அன்று அதற்கு ஆள் இருப்பாரா. முடிந்தால் வழியைப் படம் பிடித்து அனுப்பச் சொல்லுங்கள். முகம் சுளிக்காமல் அனுப்புகிறவர்கள் நிறையவே இருக்கிறார்கள்.

செய்தி இப்படி இருக்கலாம்: "வணக்கம் சார். 22-ஆம் தேதி மாலை நிகழ்ச்சிக்கு வருகிறோம். அம்மாவுக்கு வயது 74, சக்கர நாற்காலியை விட்டு எழுந்து நடக்க முடியாது. நாற்காலியின் அகலம் 64 செ.மீ. துணைக்கு ஒருவர். இரண்டு டிக்கெட்டும் பணம் கொடுத்தே வாங்குகிறோம். நாற்காலியிலேயே உட்கார எந்த வரிசையில் இடம் கிடைக்கும்? வாசலில் யாரைப் பார்க்க வேண்டும்? அவர் எண் தர முடியுமா?" பணம் கொடுத்தே வாங்குகிறோம் என்ற வரி முக்கியம். அது இல்லாவிட்டால் இலவசப் பாஸ் கேட்பவர்களின் வரிசையில் உங்களையும் சேர்த்துவிடுவார்கள்.

சாய்தளத்துக்கு ஒரு சின்னக் கணக்கு. 12-க்கு 1 என்பதே ஏற்கத்தக்க சரிவு. 15 செ.மீ. உயரமுள்ள ஒரே ஒரு படிக்கு 1.8 மீட்டர் நீளமான சாய்தளம் வேண்டும். தற்காலிக மேடைகளில் போடும் பலகை பெரும்பாலும் அதில் பாதிகூட இருக்காது. அதில் கையால் உருட்டி ஏற முடியாது, பின்னால் பலமான ஆள் தேவை. இறங்கும்போது முன்பக்கமாக விட்டால் கவிழும்.

"நாலு பேர் சேர்ந்து தூக்கிடலாம்" என்பது சென்னையின் பெருந்தன்மை. மனதார உதவுவார்கள், ஆனால் தூக்கத் தெரியாது. ஒப்புக்கொள்வதா வேண்டாமா என்பதை வீட்டிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள். மின்சார நாற்காலி என்றால் எடையைச் சொல்லி மறுத்துவிடுவதே சரி. சாதாரண நாற்காலி என்றால் கைதாங்கியையும் கால்தாங்கியையும் பிடிக்க விடாதீர்கள். அவை கழன்று வரும் பாகங்கள். பிடிக்க வேண்டியது நாற்காலியின் சட்டகத்தை (ஃபிரேம்). ஏறினாலும் இறங்கினாலும் அமர்ந்திருப்பவரின் முகம் படிகளின் கீழ்ப்பக்கம் பார்த்து, நாற்காலி பின்னால் சாய்ந்திருக்க வேண்டும்.

பணம் கட்டும் இடத்தில் வரும் சிக்கல்

வெளிநாட்டு அட்டை கடைசிப் படியில் நிராகரிக்கப்படுவது அடிக்கடி நடக்கும். ஓடிபி இந்திய எண்ணுக்குத்தான் வரும் என்று பல தளங்கள் அடம்பிடிக்கும். வெளிநாடுவாழ் இந்தியருக்கான என்.ஆர்.இ. அல்லது என்.ஆர்.ஓ. வங்கிக் கணக்கு இருந்தால், சிங்கப்பூர், மலேசியா, அமெரிக்கா, பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா, ஐக்கிய அரபு அமீரகம் போன்ற நாடுகளின் கைபேசி எண்ணிலேயே யூபிஐ வைத்துக்கொள்ள வழி உண்டு. உங்கள் வங்கி அனுமதிக்கிறதா என்பதைப் பயணத்துக்கு முன்பே சோதித்துவிடுங்கள்.

மற்றவர்களுக்கு எளிய வழி சென்னையில் இருக்கும் சித்தப்பா மகனோ அத்தை மகளோ வாங்கித் தருவதுதான். ஆனால் டிக்கெட் அவர்கள் கைபேசியில் க்யூஆர் குறியாக உட்கார்ந்திருக்கும். சில நிகழ்ச்சிகளில் ஸ்கிரீன்ஷாட் செல்லாது, செயலியையே திறந்து காட்டச் சொல்வார்கள். டிக்கெட்டை உங்கள் எண்ணுக்கு மாற்ற முடியுமா என்பதை வாங்குவதற்கு முன்பே பாருங்கள். முடியாவிட்டால் வாங்கியவரே துணையாகவும் வரட்டும்.

சேப்பாக்கம்

ஐபிஎல் டிக்கெட் சில நிமிடங்களில் தீர்ந்துவிடும். ஒருவருக்கு இரண்டு என்ற வரம்பும் இருப்பது வழக்கம். நால்வர் குடும்பம் இரண்டாகப் பிரிந்து வேறு வேறு ஸ்டாண்டில் உட்கார நேரிடும் என்பதால், பெரியவரோடு யார் இருப்பது என்பதை முன்கூட்டியே பேசிவையுங்கள். விற்பனை தொடங்கும் நாளுக்கு முன்பே மின்னஞ்சல் போயிருக்க வேண்டும். விற்றுத் தீர்ந்த பிறகு இடம் மாற்றித் தர யாராலும் இயலாது.

விலை குறைவு என்று மேல் அடுக்கை எடுக்காதீர்கள், படிகள் அதிகம். கீழ் அடுக்கு ஏறுவதற்கு எளிது, பார்ப்பதற்குத்தான் கஷ்டம். ஒவ்வொரு சிக்ஸருக்கும் முன்னால் இருப்பவர்கள் எழுந்து நிற்பார்கள். கடைசி ஓவர்களில் உட்காரவே மாட்டார்கள். நாற்காலியில் இருப்பவருக்குக் கேட்பது சத்தம் மட்டுமே. எனவே "முன்னால் ஆள் நின்றால் தெரியுமா?" என்பதையும் கேட்டு, கம்பியை ஒட்டிய முன் ஓரம் கிடைக்குமா என்று பாருங்கள். கிரிக்கெட்தான் முக்கியம், ஆரவாரம் அல்ல என்றால் டெஸ்ட் போட்டிக்குப் போவதே எங்கள் பரிந்துரை. நெரிசல் குறைவு, உதவியாளருக்கும் உங்களைக் கவனிக்க நேரம் இருக்கும். வெயிலுக்கு மட்டும் நிழல் பக்கத்து ஸ்டாண்டாகக் கேளுங்கள்.

போகும் வழிதான் பெரும்பாடு. போட்டி நாளில் வாலாஜா சாலை, பெல்ஸ் சாலை, விக்டோரியா ஹாஸ்டல் சாலை சுற்றிலும் போக்குவரத்தை மாற்றிவிடுவார்கள். போலீஸ் அறிவிப்பு முன்னதாகவே வந்துவிடும். டாக்ஸி தொலைவிலேயே இறக்கிவிடும். வாகன அனுமதிச் சீட்டு கிடைக்குமா என்பதையும் அதே மின்னஞ்சலில் கேளுங்கள். மெட்ரோவில் அரசினர் தோட்டம் நிலையத்தில் லிஃப்ட் உண்டு, ஆனால் அங்கிருந்து மைதானத்துக்குச் சுமார் ஒரு கிலோமீட்டர் சாலையில் உருட்ட வேண்டும். நடைபாதையை நம்ப முடியாது. பறக்கும் ரயிலின் சேப்பாக்கம் நிலையம் பக்கத்திலேயே இருக்கிறது, ஆனால் உயரத்தில். லிஃப்ட் ஓடுகிறது என்று அன்று காலை யாராவது பார்த்துச் சொன்னால் ஒழிய அங்கே இறங்க வேண்டாம்.

பவர் பேங்க், பை, தண்ணீர் பாட்டில் எதையும் உள்ளே விடமாட்டார்கள். மின்சார நாற்காலியின் பேட்டரியும் சோதனையில் கேள்விக்குள்ளாகும், அதைப் பற்றிய அனுமதி எழுத்தில் இருக்கட்டும். மருந்துக்கு மருத்துவர் சீட்டு வேண்டும். வெளியே வந்தால் மீண்டும் உள்ளே போக முடியாது.

நேரு உள்விளையாட்டரங்கம், நுங்கம்பாக்கம் டென்னிஸ் அரங்கம், எழும்பூர் ஹாக்கி மைதானம் இவற்றில் சேப்பாக்கம் அளவுக்கு நெரிசல் வருவது அரிது. கேட்கும் கேள்விகள் அதேதான்.

மார்கழிக் கச்சேரி

இதுதான் பெரியவர்களோடு வருபவர்களுக்குத் தோதான இடம். மியூசிக் அகாடமியின் விழா டிசம்பர் 15 தொடங்கி ஜனவரி 1 வரை நடக்கும். நாரத கான சபா, கிருஷ்ண கான சபா, வாணி மகால், பாரதிய வித்யா பவன் எல்லாம் ஏறக்குறைய அதே காலம். மாலைக் கச்சேரிகளுக்கு டிக்கெட். பல சபாக்களில் பகல் கச்சேரிகளுக்கு அனுமதி இலவசம்.

அந்த இலவசக் கச்சேரிதான் உங்கள் ஒத்திகை. நீங்கள் போக நினைக்கும் மாலைக் கச்சேரிக்கு ஒரு நாள் முன்பு நாற்காலியோடு பகலில் போய் உட்கார்ந்து பாருங்கள். வாசல், கழிப்பறை, எந்த வரிசை ஓரத்தில் நாற்காலி நிற்கிறது எல்லாம் தெரிந்துவிடும். கவுன்ட்டரில் இருப்பவரிடம் நேரிலேயே இடத்தைக் காட்டி, "மேடம், நாளைக்கு இதே ஓரம் வேணும், பக்கத்து சீட்டையும் குடுங்க" என்று சொல்லி வாங்கலாம். இணையத்தில் நடக்காத வேலை கவுன்ட்டரில் இரண்டு நிமிடத்தில் முடியும். பால்கனி மலிவு என்றாலும் பெரும்பாலும் படி ஏற வேண்டியது, விட்டுவிடுங்கள். முன் வரிசைகள் நன்கொடையாளர்களுக்கும் சீசன் டிக்கெட்காரர்களுக்கும் போயிருக்கும்.

நடைபாதைக்குள் நாற்காலி நீட்டிக்கொண்டிருந்தால் தனி ஆவர்த்தனம், அதாவது தாள வாத்தியம் மட்டும் தனியாக வாசிக்கும் பகுதி, தொடங்கும்போது தெரியும். பாதி அரங்கம் எழுந்து கேன்டீனுக்கு ஓடும், இடிபடுவது உங்கள் கால்தாங்கிதான். (மிருதங்க வித்வான் என்ன நினைப்பார் என்பது வேறு கதை.) கேன்டீன் தனிப் பந்தலாக இருந்தால் தரை மேடுபள்ளம், துணைக்கு வந்தவர் பார்சல் வாங்கி வருவது நல்லது. காது கருவி வைத்திருப்பவர் ஒலிபெருக்கிக்கு நேரே உட்கார வேண்டாம், நடு வரிசையே மேல். குளிர்சாதனம் பலமாக இருக்கும், சால்வை அவசியம்.

மயிலாப்பூர், ஆழ்வார்பேட்டை, ராயப்பேட்டைப் பக்கம் மெட்ரோ இரண்டாம் கட்டப் பணியால் சாலைகள் மாறியிருக்கும். வரைபடச் செயலி காட்டும் நேரத்தோடு அரை மணி கூட்டிக்கொள்ளுங்கள். டாக்ஸி பதிவு செய்யும்போது சிஎன்ஜி வண்டியா என்று கேளுங்கள். டிக்கியில் சிலிண்டர் இருந்தால் மடக்கிய நாற்காலி உள்ளே போகாது.

திறந்தவெளி இசை நிகழ்ச்சி

சில்வர், கோல்டு, பிளாட்டினம் என்று பெயர் இருந்தாலும் இருக்கை எண் இல்லாவிட்டால் முதலில் வந்தவருக்கே இடம். நாற்காலியோடு அப்படிப்பட்ட டிக்கெட்டை வாங்கவே வேண்டாம். 2023 செப்டம்பர் 10 அன்று ஈ.சி.ஆர். பனையூரில் நடந்த ஏ.ஆர்.ரஹ்மான் நிகழ்ச்சியில் டிக்கெட் வைத்திருந்த பலரே நெரிசலால் உள்ளே போக முடியாமல் திரும்பினார்கள். அந்த நிகழ்ச்சி ஆகஸ்டில் மழையால் தள்ளிப்போன ஒன்று என்பதையும் கவனியுங்கள். தேதி மாறினால் உங்கள் விமானம் காத்திருக்காது. தள்ளிவைத்தால் பணம் திரும்ப வருமா, அல்லது அதே டிக்கெட் புதிய தேதிக்கு என்று முடித்துவிடுவார்களா என்பதை முன்பே படியுங்கள்.

தரை மணலோ புல்லோ ஆக இருக்கும், மழை பெய்திருந்தால் சேறு. சின்ன முன்சக்கரங்கள் புதையும். பின்னால் சாய்த்து, பெரிய சக்கரத்தில் மட்டும் இழுத்துப் போவதே வழி. கேபிள் மூடிகள் வேறு குறுக்கே கிடக்கும். நந்தனம் ஒய்எம்சிஏ மைதானம் என்றால் மெட்ரோ அருகிலேயே இருப்பது பெரிய வசதி. எங்கானாலும் கடைசிப் பாட்டுக்கு முன்பே கிளம்பிவிடுங்கள்.

வாசலில் மறுத்தால் வாலண்டியரிடம் வாதாட வேண்டாம். "இன்சார்ஜ் யாரு தம்பி? அவரைக் கூப்பிடுங்க" என்று சொல்லி, அவர் வந்ததும் வாட்ஸ்அப் செய்தியைக் காட்டுங்கள். அப்படியும் நடக்காவிட்டால் படிகளையும் அடைத்த வழியையும் நேரத்தோடு படம் எடுத்து, டிக்கெட்டையும் மின்னஞ்சலையும் சேர்த்துத் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதியுங்கள். ஊருக்குத் திரும்பும் முன்பே அதைச் செய்துவிடுங்கள்; இங்கிருந்து பேசுவதுதான் எளிது.