ரூக்கி கார்டு வாங்குகையில் கை சுடும் இடங்கள்

பேஸ்பால் கார்டு (ஆட்டக்காரர் படம் அச்சான சேகரிப்பு அட்டை) சேர்க்க வருபவர்கள் முதலில் தடுமாறுவது பெயரில்தான். ஓர் ஆட்டக்காரரின் முதல் கார்டும் அவருடைய ரூக்கி (புதுமுக) கார்டும் ஒன்றல்ல. 2006 முதல், அமெரிக்காவின் உச்ச பேஸ்பால் போட்டியான மேஜர் லீக்கின் அணியில் இடம்பிடித்தவரின் கார்டில்தான் ரூக்கி கார்டைக் குறிக்கும் ‘ஆர்.சி.’ முத்திரை விழுகிறது. அவர் அதற்குக் கீழ்நிலையான மைனர் லீக்கில் இருக்கும்போதே, டாப்ஸ் நிறுவனத்தின் பவ்மன் வரிசையில் வருவது புராஸ்பெக்ட் (வளரும் ஆட்டக்காரர்) கார்டு. நட்சத்திர ஆட்டக்காரர் மைக் ட்ரவுட்டின் ரூக்கி கார்டு 2011 டாப்ஸ் அப்டேட் தொகுப்பில் வந்தது. ஆனால் 2020இல் 39 லட்சம் டாலருக்கு மேல் ஏலம் போனது, அவருடைய 2009 பவ்மன் குரோம் (பளபளக்கும் படலம் பூசிய வகை) புராஸ்பெக்ட் கையொப்பக் கார்டு. உலகில் ஒன்றே ஒன்றுள்ள, சூப்பர்ஃபிராக்டர் எனப்படும் வகை அது.

இதைப் படித்துவிட்டு “பவ்மன்தானே” என்று கிடைத்ததை வாங்குவது அடுத்த தவறு. பவ்மனில் அவருடைய முதல் கார்டு என்று காட்டும் ‘ஃபர்ஸ்ட்’ முத்திரை முன்புறத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். அடுத்த ஆண்டு அதே ஆட்டக்காரருக்கு வரும் கார்டில் அது இருக்காது. விலையும் அந்த அளவு நிற்காது. பிறகு பின்புறம் திருப்பிக் கார்டு எண்ணைப் படியுங்கள். பவ்மன் தொகுப்பில் ‘பி.பி.’ (BP) என்று தொடங்கினால் சாதாரணக் காகிதம், ‘பி.சி.பி.’ (BCP) என்றால் குரோம், ‘சி.பி.ஏ.’ (CPA) என்றால் குரோம் கையொப்பம். படம் ஏறக்குறைய ஒன்றாகவே இருப்பதால், காகிதக் கார்டைக் குரோம் விலைக்கு வாங்கி ஏமாறுபவர்கள் உண்டு. குரோம் கையொப்பங்களில் நிறத்துக்கு ஏற்ப அச்சான எண்ணிக்கை குறையும்: நீலம் 150, பச்சை 99, தங்கம் 50, ஆரஞ்சு 25, சிவப்பு 5. மொத்தம் எத்தனை என்ற எண் அச்சாகாத பளபளப்பு வகைகளை அரிதானவை என்று யாராவது விற்றால் நம்பாதீர்கள்.

யாரை வாங்குவது என்பதில் நாங்கள் கண்டிப்பாகச் சொல்வது ஒன்று: பிட்சர்களிடம் (பந்து வீசுபவர்கள்) பணத்தைக் குவிக்காதீர்கள். முழங்கையிலோ தோளிலோ ஒரு காயம் போதும். அணிகள் புதிய ஆட்டக்காரர்களை முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில், 1991இல் யாங்கீஸ் அணி முதல் ஆளாக எடுத்த பிட்சர் பிரையன் டெய்லர், 1993இல் தோளில் அடிபட்டு மேஜர் லீக்கையே எட்டவில்லை. ஸ்டீவன் ஸ்ட்ராஸ்பர்க் 2010 ஜூனில் முதல் ஆட்டத்திலேயே 14 பேரை ஸ்ட்ரைக் அவுட் செய்தார். செப்டம்பரில் முழங்கை அறுவைச் சிகிச்சை. மாறாக, பின்னாளில் பெரும் புகழ்பெற்ற பேட்டர் ஆல்பர்ட் பூஹோல்ஸ் 1999 டிராஃப்டில் 13ஆவது சுற்றில் எடுக்கப்பட்டவர். டிராஃப்ட் வரிசை மட்டும் பார்த்து வாங்கினால் அவரைத் தவறவிட்டிருப்பீர்கள்.

புதுத் தொகுப்பு வெளிவந்த முதல் வாரத்தில் அவசரப்படாதீர்கள். பெட்டிகள் திறக்கத் திறக்கக் கார்டுகள் சந்தைக்கு வரும். பெரும்பாலானவற்றின் விலை இறங்கும். விற்பவர் கேட்கும் விலையை விட்டுவிட்டு, அதே வகை, அதே கிரேடில் (கார்டின் நிலைக்கு ஆய்வு நிறுவனம் தரும் மதிப்பெண்) விற்று முடிந்த ஐந்து விலைகளையாவது பாருங்கள்.

கிரேடிங் செலவு வீணாவது பெரும்பாலும் ஓரத்தால். பி.எஸ்.ஏ. என்ற கிரேடிங் நிறுவனத்தின் உச்ச மதிப்பெண்ணான 10 கிடைக்க முன்புறத்தில் 55க்கு 45 என்ற அளவில் படம் நடுவில் இருக்க வேண்டும். இருபக்க ஓரமும் சேர்ந்து 4 மி.மீ. என்றால், ஒரு பக்கம் 2.2, மறுபக்கம் 1.8. அனுப்பும் முன் அளந்துவிடுங்கள். குரோமைச் சாய்ந்த வெளிச்சத்தில் பிடித்தால் அச்சுக்கோடுகளும் கீறல்களும் தெரியும். மெருகுத் திரவம் போட்டுத் துடைப்பது கூடவே கூடாது. மாற்றம் செய்யப்பட்ட கார்டு என்று கிரேடு தராமலே திருப்பிவிடுவார்கள்.

ஸ்லீவ் (மெல்லிய பிளாஸ்டிக் உறை) இல்லாமல் டாப்லோடருக்குள் (கெட்டியான பிளாஸ்டிக் உறை) தள்ளினால், நல்ல கார்டும் அந்த நிமிடமே கீறல் வாங்கும். சாதாரண கனக் கார்டுக்கு 35 பாயின்ட் (கன அளவு) டாப்லோடர் போதும். ஜெர்சித் துண்டு ஒட்டிய கார்டுக்கு 130 தேவைப்படலாம். ஈரக்காற்றில் குரோம் வளைவது, பின்னுள்ள காகிதம் ஈரம் உறிஞ்சி விரிய, முன்னுள்ள படலம் அப்படியே நிற்பதால். மூடிய பெட்டியில் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு வையுங்கள். கிரேடிங்குக்கு அனுப்பும்போது மட்டும் டாப்லோடர் வேண்டாம். ஸ்லீவில் இட்டு, வளையும் தன்மையுள்ள கார்டு சேவரில் வையுங்கள். பிரிப்பவர் மூலை இடிக்காமல் எடுக்க முடியும்.