கறுப்பினக் குடும்பத் தொழிலொன்றின் வரலாற்றைத் திரட்டும் முறை

அமெரிக்க நகரங்களின் பழைய கறுப்பினக் குடியிருப்புகளில் தலைமுறைகளாக நடந்த முடிதிருத்தகம், உணவகம் அல்லது தையற்கடை ஒன்றின் வரலாற்றை எழுத விரும்புபவர், குடும்பப் பெயரைவிடக் கடையின் கதவிலக்கத்தை முதலில் பற்றிக்கொள்வது நல்லது. பெயர்கள் பதிவேடுகளில் பலவாறாகப் பிழைபட எழுதப்பட்டிருக்கும். கதவிலக்கமோ, நகராட்சி எண்களை மாற்றிய ஆண்டை மட்டும் கவனித்துக்கொண்டால், பெரும்பாலும் வழிதவற விடாது.

அந்த இலக்கத்தை நகர முகவரிக் கையேடுகளில் ஆண்டுவாரியாகத் தேடுங்கள். தென்மாநிலங்களின் கையேடுகள் பலவற்றில் கறுப்பினத்தவரின் பெயருக்கருகே உடுக்குறியோ (*), ‘கலர்ட்’ (colored) என்பதைக் குறிக்கும் ‘சி’ என்ற எழுத்து அடைப்புக்குள்ளோ இடப்பட்டிருக்கும். ஒதுக்கிவைப்பதற்காக இடப்பட்ட அதே குறிதான், ஒரு தெருவில் அவர்கள் நடத்திய கடைகள் எவை என்பதை இன்று நமக்குக் காட்டுகிறது. பிறகு, அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் இணையத்தில் வைத்திருக்கும் சான்பார்ன் தீக்காப்பீட்டு வரைபடங்களைப் பாருங்கள். செங்கற்கட்டடம் இளஞ்சிவப்பாகவும் மரக்கட்டடம் மஞ்சளாகவும் தீட்டப்பட்டிருப்பதால், கடை எத்தகைய கட்டடத்தில் இருந்தது என்பதும் தெரியவரும்.

கூட்டரசின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், அடிமைத்தளையிலிருந்து விடுபட்டோர் அனைவரும் பெயரோடு இடம்பெறத் தொடங்கியது 1870இல்தான். 1890ஆம் ஆண்டுப் பதிவுகளில் பெரும்பகுதி 1921இல் நேர்ந்த தீவிபத்தோடு அழிந்தது. 72 ஆண்டுகள் கழித்தே தனிநபர் விவரங்கள் வெளியிடப்படுவதால், இப்போதைக்கு 1950 வரை படிக்கலாம். ஆனால் மனைவியின் தொழில் என்ற இடத்தில் ‘இல்லை’ என்றிருந்தால் அதை அப்படியே நம்பிவிடாதீர்கள்: கல்லாவில் அமர்ந்து கணக்கெழுதியவர் அவராகவே இருந்திருக்கலாம்.

வெள்ளையர் நடத்திய நாளிதழ்கள் பெரிதும் புறக்கணித்த கடைகளின் விளம்பரங்களைக் கறுப்பின இதழ்களில் காணலாம். 1905இல் தொடங்கிய சிகாகோ டிஃபெண்டரும் 1907இல் தொடங்கிய பிட்ஸ்பர்க் கூரியரும் அவற்றுள் முதன்மையானவை. நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் வாழ்ந்த அஞ்சல்காரர் விக்டர் கிரீன் 1936 முதல் வெளியிட்ட, கறுப்பினப் பயணிகளை ஏற்ற கடைகளையும் விடுதிகளையும் பட்டியலிட்ட ‘கிரீன் புக்’ பயணக் கையேட்டையும் விட்டுவிடாதீர்கள்.

கடை இடம்பெயர்ந்த காரணத்தை எழுதும்போது சொற்களில் கண்டிப்பு வேண்டும். நியூ ஆர்லியன்சின் கறுப்பினக் குடியிருப்பான டிரமே பகுதியில் 1960களில் கிளைபோர்ன் அவென்யூவின்மீது மேம்பாலச் சாலை எழுப்பப்பட்டது. வர்ஜீனியா மாநிலத்தின் ரிச்மண்டில் உள்ள ஜாக்சன் வார்டு என்ற கறுப்பினக் குடியிருப்பை 1950களிலேயே நெடுஞ்சாலை பிளந்தது. இத்தகைய இடங்களில் ‘கடை மூடப்பட்டது’ என்றெழுதி நிறுத்துவது உண்மையை மறைப்பதாகும். யார் கையகப்படுத்தினர், எவ்வளவு இழப்பீடு தந்தனர் என்பதைக் கவுண்டி (மாவட்டம் போன்ற நிர்வாகப் பிரிவு) பத்திரப்பதிவுகளிலும் நீதிமன்றக் கோப்புகளிலும் தேடிக் குறிப்பிடுங்கள்.

முதியவர்களைச் சந்திக்க இத்தனையும் முடியும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. அவர்களிடம் எழுத்துவழி இசைவு பெற்று ஒலிப்பதிவு செய்யுங்கள். அவர்களின் நினைவும் ஆவணமும் முரண்பட்டால், இரண்டையும் அருகருகே எழுதுங்கள். பதிவின் முதற்பிரதி குடும்பத்துக்கும் அடுத்தது உள்ளூர் நூலகத்துக்கும் சேரட்டும்.